பார்சலில் மறுசோறு இல்லை

(தருமபுரியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தருமபுரியில் மேடையேறுகிறவர் அதியமானையும் ஔவையையும் நெல்லிக்கனியையும் சொல்லாமல் இறங்கினால், போட்ட பொன்னாடையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்தற்கரிய அந்தக் கனியை அதியமான் தன் கையாலேயே ஔவைக்குக் கொடுத்தான். ஆள் வைத்து அனுப்பவில்லை. கடன் தீர்ந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படிப்பாளி அல்ல. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வாத்தியாராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் கடைசி ஆண்டில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து ஒரு கேள்வி கேட்டார். பெங்களூருவில் கேட்டரிங் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "சார், நான் இருந்த எடத்துல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல டப்பா போவும். பெரிய பெரிய கம்பெனிக்காரங்க சாப்புடறாங்க. நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் ஏன் சார் இன்னும் அண்டா, கரண்டி, அடுப்பு? நல்ல ஓட்டல்காரனா பாத்து விட்டா பன்னெண்டரைக்கு பார்சல் வந்து எறங்கிடும். புள்ளைங்க ஃப்ரைடு ரைஸ் சாப்புட்டு சந்தோசமா இருக்குமே."

கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையோடு கேட்டார். எனக்கு அன்றைக்குச் சரியான பதில் வரவில்லை. "அரசாங்க விதி அப்படி இல்லீங்க" என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டேன். கையாலாகாத தலைமையாசிரியர்கள் எல்லோரும் சொல்கிற பதில் அது. இன்றைய பேச்சை அவருக்குக் கொடுக்கத் தவறிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் சாப்பாடு எங்கள் பள்ளிக்கு ஒருமுறை வந்தது. வெளியூரில் நன்றாக இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர், தன் மகன் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளுக்கு பிரியாணி போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அனுமதி வாங்கினோம். ஓட்டலிலிருந்து ஐம்பத்தெட்டு பொட்டலம் வந்தது, காலை பத்தரைக்கே. சுடச்சுடக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து பாடமே ஏறவில்லை. மணி அடித்ததும் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொன்று கொடுத்தோம்.

கொடுத்துவிட்டுப் பார்த்தால், பாதிப் பிள்ளைகள் பிரிக்கவே இல்லை. ஒன்றாவது படிக்கும் வாண்டுகள் பிரித்துவிட்டன. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொட்டலத்தைப் புத்தகப் பையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, "சார், இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? எங்க ஆயாவுக்கும் தம்பிக்கும்" என்று கேட்டாள். அவள் அம்மா அப்பா இருவரும் பெங்களூருவில் கட்டட வேலை. வீட்டில் பாட்டியும் தம்பியும்தான்.

என்ன சொல்வது? வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எடுத்துப் போனாள். பத்தரைக்கு வந்த பிரியாணி, கட்டியது அதற்கும் முன்னால், அவள் வீட்டில் பிரிக்கப்பட்டது மாலை ஐந்துக்கு. நல்லவேளையாக மறுநாள் பள்ளிக்கு வந்தாள். தம்பிக்கு மட்டும் இரவெல்லாம் வாந்தி.

இதற்குக் காரணத்தை எனக்குப் பிற்பாடு ஒரு டாக்டர் விளக்கினார். அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்றொரு கிருமியின் வித்து இருக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. வெந்த சோற்றை அறுபது டிகிரி சூட்டுக்கு மேலேயே வைத்திருந்தால் அது முளைக்காது. நன்றாக ஆற்றிக் குளிரில் வைத்தாலும் வேகமாகப் பெருகாது. வெதுவெதுப்பாக இறுக்கிக் கட்டி மணிக்கணக்கில் வைத்தால் அதற்குக் கொண்டாட்டம். கிருமி வளர்க்க வேண்டும் என்று திட்டமிட்டாலும் ஒரு பொட்டலத்தைவிட நல்ல இடம் அமையாதாம். ஓட்டல்காரர் மேல் தப்பில்லை. உடனே சாப்பிடுவார்கள் என்று நம்பித்தான் அவர் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு நான் கிருமியைவிட அந்தப் பெண்ணின் கேள்வியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். தட்டில் போட்ட சோற்றை எந்தப் பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று கேட்டதில்லை. அதை அங்கேயே சாப்பிட்டாக வேண்டும். பொட்டலமாகக் கட்டியதும் அது குடும்பச் சொத்தாகிவிடுகிறது. பிள்ளைக்கென்று வந்த உணவு, வீட்டில் யாருக்குப் பசி அதிகம், யார் ஆண்பிள்ளை, யார் மூத்தவர் என்ற கணக்குகளுக்குள் போய்விடுகிறது.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. இந்தியாவே இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்திருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசிய மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்களில் சமைத்துப் போட ஏற்பாடு இல்லாததால் பிள்ளைக்கு மாதம் 3 கிலோ தானியம் என்று கொடுத்து அனுப்பினார்கள். தானியம் வீட்டுப் பானைக்குப் போயிற்று. பிள்ளை வயிற்றில் அதில் எத்தனை கைப்பிடி விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று இட்ட ஆணையில் முக்கியமான சொல்லே 'சமைத்த' என்பதுதான். சமைத்த மதிய உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். நாடு முழுவதும் பள்ளிக்கூடத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

நமக்கு அந்த ஆணை புதிதல்ல. 1920ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. காமராசர் காலத்தில் 1956ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் காய்கறியும் விறகும் அதில் கலந்திருந்தன. அறுபதுகளின் பிற்பகுதியில் ஓரிடத்தில் சமைத்து வண்டியில் பல பள்ளிகளுக்குக் கொண்டுபோகும் மத்திய சமையற்கூடங்களையும் தமிழ்நாடு நடத்திப் பார்த்துவிட்டது. கேட்டரிங் நண்பர் கேட்டது நமக்குப் புது யோசனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது மறுபடி ஊருக்குள் திரும்பியது. மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், அவர்களில் எத்தனையோ பேர் கைம்பெண்கள், முதல்முறையாகச் சம்பளப் பட்டியலில் பெயர் பார்த்தார்கள். முட்டை வந்தது 1989ல், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று. 2010ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. வரலாறு போதும்.

இனி கரண்டியைப் பற்றிப் பேச வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. ஐம்பது பேர் வந்தால் ஐந்து கிலோ உலையில் விழும். அந்த ஐந்து கிலோ வெந்து பொங்கி அண்டாவுக்குள் போன பிறகு அதில் யாருடைய நூறு கிராம் எது என்று யாரும் பிரிக்க முடியாது. அங்கேதான் கரண்டியின் அதிகாரம் தொடங்குகிறது. எங்கள் பள்ளியில் சமைத்த அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் யார் எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். டீக்கடைக்காரர் மகன் வரும் வழியிலேயே பன் தின்றுவிட்டு வருவான். அவனுக்கு அரைக் கரண்டி. செங்கல் சூளைக்காரர்களின் பிள்ளைகள் இருவர் வருவார்கள். கேட்காமலே இரண்டாம் முறை விழும். கேட்கக் கூச்சப்படும் பிள்ளை தட்டைச் சுரண்டும் சத்தம் அவருக்கு மட்டும் கேட்கும். "இன்னும் கொஞ்சம் வச்சிக்கோடா, மீந்துபோவுது" என்பார். மீந்து ஒன்றும் போகாது. பையனின் மானத்தைக் காப்பாற்றுவதற்கான பொய் அது.

நம்மில் விருந்துக்குப் போனால் முதல் சோற்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மறுசோறு கேட்டுப் போட்டார்களா என்பதுதான் பேச்சு. பார்சலில் மறுசோறு இல்லை. டப்பாவில் எல்லோருக்கும் ஒரே அளவு. நீதியாகத் தோன்றும். அரைவயிற்றுப் பிள்ளைக்கும் முழுவயிற்றுப் பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுப்பது தராசுக்கு வேண்டுமானால் நீதி. ஐம்பது டப்பா வந்தால் இருபது டப்பாவில் பாதி மிஞ்சிக் குப்பைக்குப் போகும், பத்துப் பிள்ளைகள் பசியோடு எழுந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அடுப்பின் பக்கம் நிற்கிற நான் அடுப்பின் குற்றத்தை மறைத்தால் அது யோக்கியம் ஆகாது. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் கூரை வேய்ந்த சமையற்கூடத்தில் மதிய உணவு சமைக்கும்போது பற்றிய தீயில் 94 குழந்தைகள் போய்விட்டார்கள். பார்சல் வேண்டும் என்கிறவர் வேறெதுவும் சொல்ல வேண்டாம், இந்த ஒரு நாளைச் சொன்னாலே நான் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, அதே ஜூலை 16, பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் சொன்னதாகவும், அது தலைமையாசிரியர் காதில் ஏறவில்லை என்றும் அப்போது செய்தி வந்தது. நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன் என்பதால் அந்தச் செய்தியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. சமைக்கிறவர் 'சரியில்லை' என்றால் அன்றைக்கு அடுப்பை நிறுத்தும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. சாப்பிடாமலே கையெழுத்துப் போடும் நாட்களும் உண்டு. நான் போட்டிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் போனால் இன்னும் வெட்கம்.

மத்திய சமையற்கூடத்துக்குச் சாதகமாக நம் மாவட்டத்திலேயே ஒரு வலுவான காரணம் இருந்தது. தண்ணீர். நம் போர்வெல் தண்ணீரில் புளோரைடு. இந்த அரங்கில் என் வயதுக்காரர்கள் சிரித்தால் பாதிப் பேரின் பற்களில் பழுப்புக் கறை தெரியும். அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால், குடிக்காத பிள்ளைக்கும் அது சோற்றோடு போகும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. நம் ஊர்களில் பல இடங்களில் அதைத் தாண்டிப் பல காலம் குடித்தோம். ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் இந்த வாதத்தின் கூர் மழுங்கியது. இப்போதும் காவிரித் தண்ணீர் வராத நாளில் சத்துணவு மையத்தில் எந்தக் குழாயைத் திறக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தண்ணீர்க் கதையில் புளிக்கு ஒரு பங்கு உண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்து ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்து, சிறுநீரில் புளோரைடு அதிகம் வெளியேறுவதாக 2002ல் எழுதினார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் புளிதான் மருந்து என்று நான் பிரச்சாரம் செய்ய மாட்டேன். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சாலையோரமெல்லாம் புளியமரம் நிற்கிற ஊரில், சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை புளியோதரை வருகிறது. அது ஏன் வாரம் ஒருநாள் வரக் கூடாது? இந்தக் கேள்வியை எந்த டப்பாக்காரரும் கேட்க மாட்டார். கேட்கத் தேவையும் இல்லை அவருக்கு.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடித்தால் நீங்களே என்னைக் கோழை என்பீர்கள். பார்சல் வேண்டும் என்பவர்களில் சிலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. டப்பாவில் வந்தால் யார் சமைத்தது என்று தெரியாது. 2018ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில், சமையலர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காகச் சத்துணவுக் கூடத்தைப் பூட்டப் போனார்கள். 2023ல் அரசின் காலை உணவுத் திட்டம் எல்லா ஊருக்கும் விரிந்தபோது கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் அதே கதை. கலெக்டர் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனி எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. சாதி என்ன செய்யும் என்று நான் வந்து சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியானால் பார்சல் நல்லதுதானே, சண்டையே வராதே" என்று ஒரு நல்ல மனிதர் என்னிடம் கேட்டார். சண்டை வராது. ஆனால் டப்பாவில் சாப்பிட்ட பிள்ளை வளர்ந்து, எந்தக் கை சமைத்ததென்று தெரிந்தும் சாப்பிட்ட அனுபவம் இல்லாமலே பத்தாவது முடித்துப் போவான். உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் சமையலர் பணியில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு முன்னுரிமை தரச் சொன்னது வேலைவாய்ப்புக்காக மட்டும் அல்ல என்று நான் எடுத்துக்கொள்கிறேன். முகம் தெரிந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக.

பிள்ளைகளின் நாக்கு விஷயம் கொஞ்சம் சிக்கல். என் கேட்டரிங் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகள் கடைச் சுவையைத்தான் கேட்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரம் தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், பள்ளி வாசலில் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல் விதி போட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் கடை இருக்கிறது.

இந்த இழுபறி உலகமெங்கும் உண்டு. இங்கிலாந்தில் ஜேமி ஆலிவர் என்ற சமையல்காரர் 2005ல் தொலைக்காட்சியில் பள்ளிச் சாப்பாட்டைத் தோலுரித்த பிறகு அங்கே சமையலைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டு ராதர்ஹாம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சில தாய்மார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்காத சாப்பாடு போடுகிறார்கள் என்று கோபப்பட்டு, கடையில் பர்கரும் சிப்ஸும் வாங்கிவந்து பள்ளிக் கம்பிவேலி வழியாக நீட்டினார்கள். அவர்களைத் திட்டுவது எளிது. பிள்ளை பசியோடு இருக்கிறானே என்று வேலியோரம் வந்து நின்ற அம்மாவை என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை. அமெரிக்காவில் 2011ல், பீட்சா மேல் தடவும் தக்காளி விழுதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கும் சலுகையை நாடாளுமன்றமே காப்பாற்றிக் கொடுத்தது. கம்பெனி கையில் தட்டு போனால் தக்காளி எங்கே போய்ச் சேரும் பாருங்கள்.

தமிழ்நாடு இந்தச் சிக்கலுக்கு 2013ல் கண்ட வழி எனக்குப் பிடிக்கும். கடையைப் பள்ளிக்குள் விடவில்லை. கடைச் சுவையை அண்டாவுக்குள் கொண்டுவந்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு வட்டாரம் என்று சோதித்துவிட்டுப் பிறகு எங்கும் பரப்பினார்கள். காய்கறி பிரியாணியும் மிளகு முட்டையும் ஒரு நாள், கொண்டைக்கடலைப் புலாவும் தக்காளி மசாலா முட்டையும் ஒரு நாள், தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், சாம்பார் சாதம் என்று இரண்டு வாரத்துக்கு மாறி மாறி. அதற்கு முன்னால் வெள்ளைச் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பயிற்சிக்குப் போய்வந்த எங்கள் அக்கா முதல்நாள் மிளகு முட்டை செய்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்பா அனுப்புகிறவர் அந்த முகங்களைப் பார்ப்பதே இல்லை. தட்டில் எது மிஞ்சுகிறது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

இங்கே என் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். பார்சல் என்றால் டப்பாவும் ரப்பர் பேண்டும் மட்டும்தானா? எங்கோ முடிவாகி, இங்கே யாரும் மாற்ற முடியாமல், அப்படியே விழுங்க வேண்டியதாக வருவதெல்லாம் பார்சல்தான். அந்தக் கணக்கில், சென்னையிலிருந்து வரும் உணவுப் பட்டியலும் ஒரு பார்சல். கன்னியாகுமரிக்கும் தருமபுரிக்கும் ஒரே பட்டியல். இது ராகி விளையும் மண். களி தின்று வளர்ந்த மாவட்டம். 2023ல் அரசே நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது. ரேஷன் கடைக்குத் தெரிந்த மாவட்டத்தின் பெயர் சத்துணவுக் கூடத்துக்குத் தெரியவில்லையே! வீட்டில் பாட்டி களி கிண்டினால் பேரன் முகம் சுளிக்கிறான். பள்ளியில் பிள்ளைகளோடு பிள்ளையாக ஒரு ராகி இனிப்பு உருண்டை சாப்பிட்டால் சுளிக்க மாட்டான். அரிசியைவிடக் கால்சியம் பல மடங்கு அதில். புளோரைடு மண்ணில் வளரும் எலும்புக்கு அது வேண்டும்.

பாலக்கோட்டுத் தக்காளியையும் சொல்ல வேண்டும். விலை விழுந்தால் வண்டியோடு சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது, எங்கள் வட்டாரத்து அமைப்பாளர்கள் தக்காளி சாதத்தன்று சந்தையில் நின்று விழித்தார்கள். கொட்டும் காலத்தில் கூடுதலாகவும் ஏறும் காலத்தில் குறைவாகவும் வாங்கிக்கொள்ளும் சுதந்திரம் அமைப்பாளருக்கு இருந்தால் இரண்டு கண்ணீரும் கொஞ்சம் குறையும். அவர் பக்கத்து வயல்காரரை அறிவார். உள்ளூர்ச் சமையலின் பெரிய பலமே அதுதான். அதைப் பயன்படுத்த விடாமல் வைத்துக்கொண்டு, 'உள்ளூர்ச் சமையல்' என்று நாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பான்காரர்களைப் பற்றி யாராவது கேட்பீர்கள். அங்கே பல ஊர்களில் பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில்தான் சாப்பாடு வருகிறது, உண்மை. ஆனால் பெரிய பாத்திரத்தில் வருகிறது. பிள்ளைகளே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு முறைவைத்துப் பரிமாறுகிறார்கள், ஆசிரியர் அதே அறையில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், மிஞ்சியதை யாருக்கு வேண்டும் என்று கேட்டுப் போடுகிறார்கள். அதை நான் பார்சல் என்று சொல்ல மாட்டேன். இடநெருக்கடி உள்ள பெருநகரத்தில் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கலாம். சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் வண்டி ஏற்றி மத்தியானச் சோறு கொண்டுபோகலாம் என்பவரை மட்டும் ஒரு மழைநாளில் அந்த வளைவுகளில் அழைத்துப் போக ஆசை.

2022 செப்டம்பர் 15 மதுரையில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. கிராமத்தில் சமைக்கிற மகளிர் குழுப் பெண்ணின் குழந்தை அதே பள்ளியில் படிக்க வேண்டும். யார் எழுதினாரோ, வயிற்றைத் தெரிந்து எழுதியிருக்கிறார். சொந்தப் பிள்ளை சாப்பிடப் போகும் கிச்சடியில் எந்த அம்மாவும் புழுத்த ரவையைப் போட மாட்டாள். பதினைந்து அதிகாரிகள் வந்து பார்த்தாலும் கிடைக்காத கண்காணிப்பு அது.

பிரியாணி பொட்டலத்தைப் பையில் வைத்த அந்தப் பெண்ணைப் பற்றி மிச்சம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அவள் தம்பிக்கு ஐந்து வயது நிறைந்திருப்பது தெரிந்து ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டோம். முதல் நாள் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அக்காள் பின்னாலேயே நின்றான். சமையல் அக்கா அவனுக்கு முதலில் வைத்தார். அவள் தன் தட்டில் இருந்த முட்டையைப் பாதியாகப் பிட்டு அவனுக்கு வைக்கப் போனாள். "அவனுக்குத் தனியா இருக்குதுடீ, உன்னுத நீ தின்னு" என்று அதட்டினார். அவள் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டாள்.

மணி ஒன்றே கால் ஆகிறது, விழா அமைப்பாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். வந்தவர்களுக்கெல்லாம் மதிய உணவு ஏற்பாடு செய்திருக்கிறார்கள், வாசலில் மேசைமேல் அடுக்கியிருக்கிறது. வரும்போதே பார்த்தேன், பார்சல். புளிசாதமா தயிர்சாதமா என்று அங்கே நின்ற பையனிடம் கேட்டேன். பிரிச்சாத்தான் சார் தெரியும் என்றான்.